ஓசூர் எந்த மாவட்டம்?

கேள்வி: பழைய ஜாவா ஆப்ஜெக்ட்டில் 'மாவட்டம்' தனி ஃபீல்டு. புதியதில் அது 'முகவரி'க்குள் இருக்கிறது. பழையதிலிருந்து புதியதற்குத் தரவை மாற்ற எந்த லைப்ரரி நல்லது: மாடல்மேப்பரா, மேப்ஸ்ட்ரக்டா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: மேப்ஸ்ட்ரக்ட்தான். மாடல்மேப்பர், புரோகிராம் ஓடும்போது பெயர்ப் பொருத்தம் பார்த்தே கல்யாணத்தை முடித்துவிடும். மேப்ஸ்ட்ரக்ட் கம்பைல் நேரத்திலேயே சாதாரண ஜாவா கோடாக எழுதித் தரும். நீங்கள் வாசித்துப் பார்க்கலாம். விட்டுப்போன ஃபீல்டுக்கு அது எச்சரிக்கை மட்டுமே தரும். அதைப் பிழையாக மாற்றி வையுங்கள், பில்ட் நின்றுவிடும்.

ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் பெரிய சிக்கல் வேறு. 2004-க்கு முந்தைய பதிவுகளில் ஓசூர், தருமபுரி மாவட்டம், இன்று கிருஷ்ணகிரி. 1965-க்கு முன்பு சேலம்! ஓசூர் ஓரடிகூட நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது. இதை எந்த லைப்ரரியும் அறியாது. தாலுகாவை வைத்து மாவட்டத்தைத் தரும் மெத்தடை நீங்களே எழுதி மேப்பரில் இணையுங்கள். ஓசூர்ப் பதிவுகளை முதலில் சோதியுங்கள்.