வெளிச்சம் வரும் வழி

கோவைப் பக்கத்து ஷெட்டுகளில் வெளிச்சத்துக்கென்று கூரையில் நாலைந்து பைபர் ஷீட் போட்டிருப்பார்கள். புதிதில் பளபளவென்றுதான் இருக்கும். பல கோடை வெயில் தின்ற பிறகு பழுப்பேறி, மேலே தூசியும் பாசியும் படிந்து, பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோடு நிறத்தில் ஒன்றிவிடும். பலத்தில் அப்பளத்தோடு ஒன்றிவிடும்.

மழை ஒழுகினால்தான் அதன் நினைவே வரும். உடனே ஒருவர் தார் டப்பாவும் கையுமாக ஏற்றப்படுவார். "பார்த்துப் போப்பா, போல்ட் வரிசை மேலயே கால் வை!" இதுதான் மொத்தப் பாதுகாப்பு ஏற்பாடு. செலவில்லாதது.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியோ இந்த மாதிரி வெளிச்சத் திறப்பை 'ஓட்டை' என்றே கணக்கில் வைக்கிறது. சுற்றித் தடுப்பு வேண்டும். அல்லது மேலே வரக்கூடிய எடையைப்போல் இரு மடங்கு தாங்கும் மூடியோ, விழாமல் பிடிக்கும் பெல்ட்டோ வேண்டும். என்ன அபசகுனமான பேச்சு! நாம் அதை 'வெளிச்சம்' என்கிறோம்.

யாராவது விழுந்துவிட்டால் மறுநாளே புது ஷீட் வந்துவிடும். ஒழுகக் கூடாதல்லவா?

முதலாளிமார்களே, அடுத்த மழைக்கு முன் அந்த ஷீட்டுக்கு அடியில் ஒரு கம்பி வலை அடியுங்கள். நடக்கப் பலகையும், முழு உடல் பெல்ட்டை மாட்ட உறுதியான கயிறும் கொடுத்துவிட்டு ஆளை ஏற்றுங்கள்.