பாதி மைதானம், முழு முழங்கால்

கேள்வி: டென்னிஸில் ஒற்றையரில் சோபிக்காதவர்கள்தானே இரட்டையர் ஆடப் போகிறார்கள்? பாதி மைதானம், பாதி உழைப்பு!
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: பரிசுப் பணம் பாதிகூட இல்லை, அதை விட்டுவிட்டீர்களே! ஒற்றையரில் எடுபடாமல் இந்தப் பக்கம் வந்தவர்கள் உண்டு. குடகுக்காரர் ரோஹன் போபண்ணாவும் அப்படித்தான். ஆனால் 'பாதி உழைப்பு' என்பதை அவர் முழங்காலிடம் சொல்லிப் பாருங்கள். குருத்தெலும்பு தேய்ந்து, வலி மாத்திரையில் வண்டி ஓட்டியவரை ஐயங்கார் யோகா நிமிர்த்தியது. 2024 ஜனவரியில் மாத்யூ எப்டனோடு ஆஸ்திரேலிய ஓப்பனை வென்று, இரட்டையரில் உலகின் நம்பர் 1 ஆனபோது அவருக்கு வயது 43. அந்த வயதில் நமக்கெல்லாம் மாடிப்படியே மாரத்தான்.

மூளைக்கும் ஓய்வில்லை. வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கி நீட்டி, எந்தப் பக்கம் பாயப்போகிறேன் என்று கூட்டாளிக்குச் சொல்கிறார். புள்ளிக்குப் புள்ளி ரகசியம் வேறு, எதிராளி உதட்டைப் படிக்காதபடி பந்தால் வாயை மறைத்துக்கொண்டு.

கூட்டாளி கிடைப்பதுதான் பெரிய பாடு. 2010 அமெரிக்க ஓப்பன் இறுதி வரை போபண்ணா பாகிஸ்தானின் ஐசாம் உல் ஹக் குரேஷியுடன் போனார். தோற்றது பிரையன் சகோதரர்களிடம். அவர்கள் இரட்டைப் பிறவிகள், தேடும் வேலையே இல்லை. மற்றவர்களுக்கு அது வரன் பார்க்கும் படலம். இருவர் ரேங்கிங்கையும் கூட்டிப் பார்த்துத்தான் போட்டியிலேயே இடம் தருவார்கள். பொருத்தம் பத்து இருந்தும் ரேங்கிங் இல்லையென்றால், மாப்பிள்ளை கேலரியில்தான்!