சீல் குத்துங்க, சார்!

உலகத்துக் குடியேற்ற அதிகாரிகள் நிறத்தில், மொழியில், மீசையில் வேறுபட்டாலும் ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. நம் பாஸ்போர்ட்டில் பக்கம் பக்கமாக வெள்ளையாகக் கிடக்கும். அதையெல்லாம் பொறுமையாகப் புரட்டித் தாண்டிப் போய், ஏற்கெனவே யாரோ குத்திய முத்திரையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் தலையிலேயே தலைகீழாக ஒன்று வைப்பார்கள். பாதி பக்கத்தில் விழும், பாதி தையலில் விழும். எந்த ஊர், எந்தத் தேதி என்று பிரம்மதேவனாலும் படிக்க முடியாது. நாமும் அதை வாங்கிக்கொண்டு மூன்று தடவை ‘தேங்க் யூ’ சொல்லிவிட்டு வெளியே வருவோம்.

நினைவு முத்திரை குத்துகிறவர்கள் வேறு ரகம். எந்தப் பக்கத்தில் வேண்டும் என்று கேட்பார்கள். நேராக வைத்து அழுத்துவார்கள். மை காயட்டும் என்று ஊதிக்கூடக் கொடுப்பார்கள். எந்தச் சட்டத்துக்கும் செல்லாத முத்திரை என்பதால்தான் இத்தனை அழகு என்று நினைக்கிறேன். அதற்குக் காசும் உண்டு. இலவச முத்திரைக்கு நடுநடுங்கி நிற்கும் அதே ஜனம், காசு முத்திரைக்குச் சிரித்துக்கொண்டே வரிசையில் நிற்கிறது.

அந்த வரிசைக்கு என்னை அழைத்துப் போனவர் என் மச்சான். மனைவியின் அண்ணன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ரப்பர் ஸ்டாம்ப்புகளின் நடுவிலேயே முடி நரைத்து ஓய்வு பெற்றவர். ரவுண்டு சீல், நீள சீல், தேதி சீல் என்று அவருக்கு ஒவ்வொன்றின் குணமும் தெரியும். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால்கூடப் பின்பக்கம் திருப்பி, சீல் இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஐரோப்பாவைப் பஸ்ஸில் சுற்றிக் காட்டும் டூர் ஒன்றில் எல்லோரும் போயிருந்தோம். மதியம் சாம்பார் சாதம் உண்டு என்று விளம்பரத்தில் பெரிய எழுத்திலும், பாரிஸ் உண்டு என்று சின்ன எழுத்திலும் போட்டிருந்தார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து ஆஸ்திரியா போகும் வழியில் லீக்டன்ஸ்டைன் வரும். மொத்தமே 160 சதுர கிலோமீட்டர். சுமார் 40,000 பேர். செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1868-இலேயே ராணுவத்தைக் கலைத்துவிட்ட புத்திசாலி தேசம். நம் ஊர் டூர்க்காரர்களுக்கு இதன்மேல் தனி வாஞ்சை. அரை மணி நேரம் பஸ்ஸை நிறுத்தினால் பிரசுரத்தில் ஒரு நாடு கூடிவிடும் அல்லவா?

1923-இல் சுவிட்சர்லாந்தோடு போட்ட சுங்க ஒப்பந்தம் இருக்கிறது. ஆகவே எல்லையில் சாவடி கிடையாது, தடுப்புக் கட்டை கிடையாது. பஸ் ஒரு பாலத்தைக் கடந்தது. “நாடு வந்துடுச்சு” என்றார் கைடு.

மச்சானுக்குத் தாங்கவில்லை. “ஏன் மாப்ளே, இன்னொருத்தன் நாட்டுக்குள்ள வந்திருக்கோம். ஏன் வந்தேன்னு ஒருத்தனும் கேக்கலையே! நம்ம கௌரவம் என்ன ஆகுறது?”

தலைநகர் வாதூஸில் மற்றவர்கள் பொம்மை ரயிலில் ஏறினார்கள். நாங்கள் சுற்றுலா அலுவலகத்துக்குப் போனோம். சில ஃபிராங்க் கொடுத்தால் பாஸ்போர்ட்டில் நினைவு முத்திரை குத்துவார்கள் என்று மச்சான் சென்னையிலிருந்து கிளம்பும்போதே விசாரித்து வைத்திருந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் குத்திக் கொடுத்ததும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பரிசோதனையில் இறங்கினார். “விளிம்பு உடையல. மை கசியல. நடுவுல சரியா உக்காந்திருக்கு.” அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. “நான் சர்வீஸ்ல எத்தனை ஆயிரம் குத்தியிருப்பேன்! ஒரு ஆள் நின்னு பாத்து நல்லா இருக்குன்னு சொன்னதில்ல மாப்ளே.”

நானும் பாஸ்போர்ட்டை நீட்டப் போனேன். பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. “ஏங்க, அதுல வேணாம். எங்க அண்ணன்தான் ரிட்டயர் ஆனவர். நீங்க இன்னும் நாலு ஊருக்குப் போகணும்.” கைப்பையிலிருந்து மளிகைக் கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். என் சேகரிப்பின் முதல் முத்திரை, துவரம்பருப்பு இரண்டு கிலோவுக்குக் கீழே இருக்கிறது.

அவள் பயம் வீண் பயம் அல்ல. தென்னமெரிக்காவில், பெரு நாட்டின் மாச்சு பிச்சுவில் நினைவு முத்திரை குத்திக்கொண்டு வந்த பிரிட்டன் பெண்மணி ஒருவரை, பிறகு தாய்லாந்து போகும் வழியில், பாஸ்போர்ட் சேதமடைந்துவிட்டது என்று சொல்லி விமானத்தில் ஏற்றாமல் நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைகளில் வந்த செய்தி. அழகான மலைப் படம், பளிச்சென்ற எழுத்து, அதுதான் சேதமாம். நம் நாட்டில் கதை இன்னும் கறார். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து. படம் நம்முடையது, கையெழுத்து நம்முடையது, அப்பா அம்மா பெயர் நம்முடையது, கட்டிய கட்டணமும் நம்முடையது. புத்தகம் மட்டும் சர்க்காருடையது. அதிலுள்ள பதிவுகளை அதிகாரமில்லாமல் திருத்தினால் 12-ஆவது பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். பொம்மை முத்திரை ஒன்று அந்த வாசகத்துக்குள் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும் அதிகாரி முன்னால் நின்றுகொண்டு நான் வாதாடத் தயாரில்லை.

மாச்சு பிச்சு விவகாரத்தில் மச்சானை உலுக்கியது வேறு. அங்கே வாசல் பக்கத்தில் ஒரு மேஜை. மேலே ஸ்டாம்ப், மை. அதிகாரி இல்லை. வருகிறவர்கள் தாங்களே குத்திக்கொள்ளலாம். பெரு நாட்டுக்குப் போய்வந்த என் அக்கா மகள் காட்டிய புகைப்படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். “சீலைக் கொண்டுபோய்ப் பொதுஜனம் கையிலயா குடுத்துட்டான்? சாயங்காலம் அதை யார் எண்ணி எடுத்து உள்ள வைப்பா?” அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

இந்த முத்திரை உலகத்தில் செத்துப்போன நாடுகளும் விசா கொடுக்கும். பெர்லினில் செக்பாயின்ட் சார்லி என்று ஒரு சாவடி. சுவர் எழும்பிய 1961 முதல் 1990 வரை, குறுக்கே போக முயன்று எத்தனையோ பேர் உயிரை விட்ட எல்லையின் வாசல் அது. கிழக்கு ஜெர்மனி 1990 அக்டோபரோடு முடிந்தது. அதன் பிறகும் அந்த இடத்தில் வேஷம் போட்ட ‘சிப்பாய்கள்’ நின்றுகொண்டு, கிழக்கு ஜெர்மனி முத்திரைகளைக் காசுக்குக் குத்தினார்கள். அந்த நாடு உயிரோடு இருந்தபோது விசாவுக்கு எவ்வளவு அலைய வேண்டியிருந்தது! 2019-இல் வேஷதாரிகளை பெர்லின் அதிகாரிகள் தடை செய்தார்கள். எனக்கு இதில் வருத்தமில்லை. சுவர் ஏறிக் குதித்துச் செத்தவன் நினைவாக ஐஸ்கிரீம் விலையில் ஒரு சீல் என்பது எனக்கு ஒட்டவில்லை.

எனக்கு மனசார வருத்தம் தந்தது ஹட் ரிவர் மூடப்பட்டதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் லெனார்ட் கேஸ்லி என்றொரு கோதுமை விவசாயி. அரசாங்கம் கோதுமைக்கு அளவு நிர்ணயித்ததும் கோபம் வந்து, 1970-இல் தன் பண்ணையைத் தனி நாடாக அறிவித்தார். தனக்கு இளவரசர் பட்டமும் சூட்டிக்கொண்டார். 1977-இல் ஆஸ்திரேலியா மீது போர்ப் பிரகடனம் செய்து, ஆஸ்திரேலியா கவனிக்காமலேயே இருந்துவிட்டதால், சில நாளில் அவரே போரை நிறுத்திக்கொண்டார். வந்த சுற்றுலாப் பயணிகளின் பாஸ்போர்ட்டில் அவரது நாட்டு முத்திரை குத்தப்பட்டது. வரப்புத் தகராறில் வெட்டுக்குத்துவரை போகிற நம்மூர்க்காரர்கள் யாருக்கும் இந்த யோசனை தோன்றவில்லை பாருங்கள். 2019-இல் அவர் காலமானார். வரிப் பாக்கி கழுத்தை நெரிக்க, 2020-இல் வாரிசுகள் நாட்டைக் கலைத்து மறுபடி ஆஸ்திரேலியர்கள் ஆனார்கள். நான் போகத் திட்டமிட்டு, ஒரு நாடே கடையைக் கட்டிக்கொண்டு போனது அப்போதுதான்.

மளிகை நோட்டுக்கு விமோசனம் ஜப்பானில் கிடைத்தது. மகன் டோக்கியோவின் நிஷி கசாயில் இருக்கிறான். இட்லி மாவுக்கும் குறைவில்லாத பகுதி. ஜப்பானிய ரயில் நிலையங்களில் டிக்கெட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை இருக்கும். அதன்மேல் உள்ளங்கை அகல ஸ்டாம்ப். அந்த ஊரின் கோட்டையோ, பூவோ, மீனோ அதில் செதுக்கியிருக்கும். ஃபுகுய் நிலையத்தில் 1931-இல் தொடங்கிய பழக்கம் இது. நாடு முழுக்கப் பரவிவிட்டது. காசு கிடையாது. காவல் கிடையாது. ஸ்டாம்ப்பைச் சங்கிலி போட்டுக்கூடக் கட்டாத நிலையங்களைப் பார்த்தேன். மச்சானிடம் வீடியோ அழைப்பில் காட்டியபோது, “ஒருத்தனும் எடுத்துட்டுப் போகலயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மளிகை நோட்டைக் கொடுத்து என் ஆசைக்கு அணை போட்டவள் இங்கே முழுசாக மாறிப்போனாள். கோட்டை, கோபுரம் எதையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நிலையம் நிலையமாக இறங்கிக் குத்திவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தாள். “ஊரைப் பாக்க வேணாமா?” என்றேன். “அதான் படம் இருக்கே” என்று நோட்டைத் தட்டிக் காட்டினாள். சுற்றியிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு வரிசையில் விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

ஜப்பானியக் கோயில்களில் தருவது வேறு. அதன் பெயர் கோஷுயின். முன்பெல்லாம் சூத்திரத்தைக் கையால் படி எடுத்துக் கோயிலுக்குச் சமர்ப்பித்தவர்களுக்குக் கொடுத்த ரசீதிலிருந்து வந்தது என்கிறார்கள். இப்போது முந்நூறு, ஐந்நூறு யென் காணிக்கை வைத்தால், செக்கச்செவேலென்று முத்திரை வைத்து, அதன்மேல் தூரிகையால் கோயில் பெயரும் தேதியும் எழுதித் தருகிறார்கள். அதற்கென்றே மடிப்பு மடிப்பாக விரியும் தனிப் புத்தகம். ரயில் முத்திரை நோட்டை நீட்டினால் பல கோயில்களில் மறுத்துவிடுவார்கள். மீனும் புத்தரும் ஒரே பக்கத்தில் கூடாது. எழுதுகிறவர் தூரிகையைத் தூக்கும்போது பின்னால் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கிறுக்குத்தனமாக ஆரம்பித்த என் பொழுதுபோக்கில், நான் கேலி செய்யத் துணியாத ஒரே இடம் இதுதான். அந்தப் புத்தகம் இப்போது எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், விபூதி மடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஸ்பெயினில் சான்டியாகோவுக்கு நடந்து போகும் கிறிஸ்தவ யாத்ரீகர்களிடமும் முத்திரைப் புத்தகம் உண்டு. கடைசி 100 கிலோமீட்டரில் நாளைக்கு இரண்டு முத்திரையாவது வேண்டும், அப்போதுதான் சான்றிதழ். தேவாலயத்தில் குத்துவார்கள், சத்திரத்தில் குத்துவார்கள், மதுக்கடையிலும் குத்துவார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தால் என்ன என்று மச்சானிடம் கேட்டேன். “டூப்ளிகேட் சீல் ஒரே ராத்திரில வந்துடும்” என்றார் அனுபவஸ்தர்.

இதற்கிடையில் அசல் முத்திரைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. ஹாங்காங் 2013-இலேயே பாஸ்போர்ட்டில் குத்துவதை விட்டுவிட்டு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபரில் தொடங்கி, கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் ஏற்றும் முறைக்குப் படிப்படியாக மாறின. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டவர்கள் சென்னை விமான நிலையத்திலேயே 2025 ஜனவரி முதல் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். தலைகீழாகக் குத்துகிற அந்த மகானுபாவர்கள் இனி இருக்க மாட்டார்கள். வெளிநாடு போய் வந்ததற்கு அத்தாட்சியாக மிஞ்சப்போவது சுற்றுலா அலுவலகத்துப் பொம்மை முத்திரைதான். மச்சான் எதையும் முன்கூட்டியே தெரிந்தவர்.

இத்தனை தூரம் சுற்றியபிறகுதான் நம் தபால் துறையின் பெருமை எனக்குத் தெரிந்தது. மாமல்லபுரம், கன்னியாகுமரி மாதிரி ஊர்களின் தபால் நிலையங்களில் நிரந்தரச் சித்திர முத்திரை உண்டு. வெளியே பலகை எதுவும் இராது. கவுன்ட்டரில் கேட்டால்தான் வரும். ஒரு ஊரில் கேட்டேன். அங்கிருந்த அம்மா, “இதக் கேட்டு வந்தீங்களா?” என்று சிரித்துவிட்டு, பீரோவைத் திறந்து துணியில் சுற்றியிருந்ததை எடுத்து, பழைய காகிதத்தில் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு, போஸ்ட்கார்டின் தலைமாட்டில் நேராகக் குத்திக் கொடுத்தார். காசு கேட்கவில்லை. மச்சானின் மதிப்பீடு: “வாதூஸ் எல்லாம் கிட்ட நிக்க முடியாது.”

என்னிடம் இன்னும் இல்லாதது சபரிமலை. சன்னிதானம் தபால் நிலையம் மண்டல, மகரவிளக்கு சீசனில் மட்டும்தான் திறந்திருக்கும். பின்கோடு 689713. பதினெட்டாம் படியும் ஐயப்பனும் பொறித்த அதன் முத்திரை வேறெங்கும் கிடையாது. சீசன் முடிந்தால் பத்தனம்திட்டையில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிடுவார்கள். எனக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியாது. இந்த வருஷம் மாலை போடுகிற வாசகர்கள் யாராவது இருந்தால், எனக்கு ஒரு போஸ்ட்கார்டு போடுங்கள். விஷயம் ஒன்றும் எழுத வேண்டாம், சீல் நன்றாக விழுந்தால் போதும். முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது.