பாத்திரப் பதிவு

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் ஐந்து வருஷமாக ஒரு கொலை செய்யப் பார்க்கிறார். கைகூடவில்லை.

நாற்பது வருஷம் சார்பதிவாளர் அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில், சாய்வுப் பலகையை மடியில் வைத்துப் பத்திரம் எழுதியவர். கம்ப்யூட்டர் வந்து மரத்தடியைக் காலி செய்ததும் வீட்டுத் திண்ணைக்கு மாறினார். "பத்திரம் எழுதின கை தம்பி, சும்மா இருக்குமா? ஒரு கால் போட்டுப் பாத்திரம் எழுதுது" என்பார். தெருவில் அவருக்குப் பெயர் க்ரைம் சார்.

இந்த ஜாதி மனிதர் ஊருக்கு ஊர் உண்டு. எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்களைத் தின்று வளர்ந்தவர்கள். கடைசிப் பக்கம் கிழிந்த பழைய புத்தகத்தை வாங்கி, கொலைகாரன் யாரென்று தெரியாமல் மூன்று நாள் தூக்கம் கெட்டவர்கள். இழவு வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது இவர்கள் மட்டும் யார் அழவில்லை என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். மருந்துக்கடையில் போய், "இதை ரெண்டு ஸ்பூன் அதிகமா குடிச்சா எவ்வளவு நேரத்துல வேலை செய்யும்?" என்று சாதாரணமாக விசாரித்துவிட்டுக் கடைப்பையனின் முகம் வெளுப்பதைக் கவனிக்காமல் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

எல்லோரிடமும் ஒரு நோட்டு இருக்கும். சாரிடம் இருப்பது நீள நோட்டு, சிவப்பு பைண்டிங். மேலே 'பாத்திரப் பதிவு' என்று எழுதியிருக்கும். நாற்பத்து மூன்று பாத்திரங்கள் இதுவரை பதிவாகியிருக்கிறார்கள். கதை இன்னும் பதிவாகவில்லை.

முதல் பாத்திரம் வில்லன் காலகண்டன். ஆள் எப்படி? உயரம், நிறம், நட்சத்திரம் கேட்டை, இடது கடைவாய்ப்பல் சொத்தை, தயிர் ஆகாது. அதற்குக் கீழே சக்குபந்தி: கிழக்கே பெரியப்பா வீடு, மேற்கே பாகம் பிரியாத தென்னந்தோப்பு, வடக்கே கொழுந்தியாள் வீடு, தெற்கே சுடுகாட்டுப் பாதை. "ஷெ காலகண்டன் தன் சுயபுத்தியுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் செய்யப்போகும் கொலையாவது" என்று தொடங்கி, பாதியில் நிற்கிறது.

ஏன் நின்றது என்று கேட்டேன்.

"சாகவேண்டியவன் பண்ணையார் தம்பி. சரின்னு வம்சாவளி போட்டுப் பார்த்தேன். பண்ணையார் இவனுக்குத் தாய்மாமன் முறை ஆயிட்டாரு. வர்ற தையில இவன் பொண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமனைக் கொன்னுட்டா பொண்டாட்டி கேக்கமாட்டாளா, பெரிய மாமன் சபையில எங்கேன்னு?"

கொலை காதுகுத்துக்குப் பிறகு என்று தள்ளிவைக்கப்பட்டது. அதற்குள் பண்ணையாரின் மகளை வில்லனின் தம்பிக்குப் பேசி முடித்துவிட்டார் சார். சம்பந்தியைக் கொல்வது இன்னும் சிரமம். துப்பறியவாவது வெளியாள் வரட்டும் என்று மதுரையிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். மூன்றாம் பக்கத்திலேயே அவர் வில்லனுக்குச் சகலை என்று தெரிந்துவிட்டது. சகலை வீட்டுக்கு வந்தால் விசாரணையா செய்வார்? இலை போட்டாகிவிட்டது.

ஐந்து வருஷத்தில் நோட்டில் நடந்திருப்பது ஒரே ஒரு சாவு. வில்லனின் அப்பத்தா. வயது 91. கல்யாணச் சாவு. கொட்டு மேளத்தோடு எடுத்தார்கள்.

சாரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் நாற்பது வருஷம் அவர் கண்ணெதிரே நடந்ததைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு கொஞ்சம் குறைகிறது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அக்காவின் கட்டைவிரலை மையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும் தம்பியை அவர் எத்தனை முறை பார்த்திருப்பார்! இருட்டு வெளியூரிலிருந்து வருவதில்லை, முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் வில்லனைத் தனியாக விடமாட்டேன் என்கிறார். "வில்லன் எங்கேர்ந்து வர்றான்? வில்லங்கத்துலேர்ந்து வர்றான். முப்பது வருஷத்துக்கு ஈசி போட்டுப் பாரு, தெரியும்."

மற்ற எழுத்தாளர்கள் மேல் அவருக்கு உள்ள வருத்தமும், பாத்திரங்களை இப்படி உறவில்லாமல் தனியாக விடுகிறார்களே என்பதுதான். தேவனின் துப்பறியும் சாம்புவை ஏற்றுக்கொள்வார். மூக்கும் முழியுமாக இருக்கிறான், வேம்பு என்று பெண்டாட்டி இருக்கிறாள். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கும் இந்திரா உண்டு, பாஸ். ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா தம்பதி என்பதில் பரம திருப்தி. ஆனால் ராஜேஷ்குமார் 1,500 நாவலுக்கு மேல் எழுதியிருக்கிறார் என்றதும் சார் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்: "நாவலுக்கு ரெண்டு கொலைன்னு வை. மூவாயிரம் கருமாதி. யாரு தம்பி பண்றது?"

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா விஷயம் வேறு. சுசீலாவின் டி-ஷர்ட் வாசகங்களை நாங்கள் மனப்பாடம் செய்த வயதில் சார் ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்தப் பொண்ணைப் பெத்தவங்க யாரு? ஏன் பேசி முடிக்கல?" சுஜாதாவின் கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' தொடரில் வந்தவர். பின்னால் ஜூனியராக வசந்த் சேர்ந்தான். வசந்த் சொல்லத் தொடங்கிச் சொல்லி முடிக்காத மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்குக்காகத் தமிழ்நாடே காத்திருந்தது. 2008இல் சுஜாதா காலமான செய்தி வந்த அன்று எல்லோரும் துக்கத்தில் இருந்தோம். சாரும் துக்கத்தில்தான் இருந்தார். "அந்த ஜோக் இப்ப யாருக்குப் பாத்தியதை?" என்றார்.

இந்த நிலையில்தான் எதிர்வீட்டுப் பெண் வந்து சேர்ந்தாள். கல்லூரி இரண்டாம் வருஷம். கட்டைவிரலாலேயே கதை எழுதுகிறவள். அவளுடைய நாயகனை நாயகன் என்று சொல்லக் கூடாதாம், ஆன்டி ஹீரோவாம். பெயர் ருத்ரன். வயது இருபத்தெட்டு. எண்ணாயிரம் கோடி சொத்து. சிரிக்கமாட்டான். கதவை மெதுவாகச் சாத்தத் தெரியாது. அப்பா அம்மா கிடையாது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண்ணாயிரம் கோடியா? மூலப் பத்திரம் எங்க பாப்பா?"

"அதெல்லாம் தேவையில்ல தாத்தா. அவன் டார்க்."

"டார்க்கா இருந்தா என்ன? பட்டா யார் பேர்ல இருக்கு?"

ஒரு வாரம் இப்படியே போயிற்று. பிறகு எப்படியோ இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது. கதையைச் சேர்ந்தே எழுதுவது என்று தீர்மானம். அதாவது, காலகண்டனின் கடைசித் தங்கையை ருத்ரனுக்குக் கொடுப்பது. திண்ணையில் உட்கார்ந்து முறைப்படி பேசினார்கள். பையன் ஏன் எந்நேரமும் உறுமுகிறான், வாயுத் தொந்தரவா என்று பெண்வீட்டார் சார்பில் சார் கேட்டார். சிறுவயதில் மனதில் பட்ட காயம் என்று பையன்வீட்டார் சார்பில் அவள் சொன்னாள். "காயம்னா அம்மா இல்லாத காயம்தானே? எங்க வீட்ல அத்தைங்க அஞ்சு பேர் இருக்காங்க, ஆறிடும்" என்று சார் தாம்பூலம் மாற்றிக்கொள்ளத் தயாரானார். சார் வீட்டு மாமி உள்ளேயிருந்து, "என்னங்க, நிஜமாவே வெத்தலையை எடுத்துட்டுப் போறீங்களே!" என்று கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது.

நோட்டு இரண்டு நாள் எதிர்வீட்டில் இருந்தது. மூன்றாம் நாள் காலை வந்த பெண், "தாத்தா, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஒரு ட்விஸ்ட் வச்சிருக்கேன்" என்று நீட்டினாள். சார் படித்தார். ஒரே வரி. காலகண்டன் ரோட்டைக் கடக்கும்போது லாரி ஏறிவிட்டது. லாரி எந்த ஊர் என்றுகூட அவள் எழுதவில்லை.

சார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கிணற்றில் இறைத்துத் தலையில் மூன்று வாளி ஊற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. அன்று பகல் சாப்பாடு வேண்டாமென்றுவிட்டாராம். காரணம் புரியாமல் மாமி வடித்த சோற்றை வைத்துக்கொண்டு தெருவெல்லாம் புலம்பினார்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். ஈரத் துண்டு இன்னும் தோளில் இருந்தது. நோட்டைப் பிரித்து, 43 என்பதை 42 என்று திருத்தி, ஓரத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"தம்பி, ஷெ காலகண்டனுக்கு வாரிசுச் சான்று எழுதணும். பொண்ணு மைனரு. கார்டியனா யாரைப் போடறது? பண்ணையாரையே போட்டுடலாமா?"

தாய்மாமன்தானே, போடலாம் என்றேன்.

"அப்ப அந்த ஆளை இனிமே சாகடிக்கவே முடியாது" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.