கூகுளுக்குப் பிடித்த மாதிரி எழுதுவது எப்படி?

இணையதளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் ஓயாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. தேடுபொறிக்காக எழுதாதீர்கள், மனிதர்களுக்காக எழுதுங்கள். பொன்னான வார்த்தை. மனிதர்களுக்காக எழுதினோமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது மட்டும் ஓர் எந்திரம். எந்திரத்துக்கு எது பிடிக்கும் என்பது ரகசியம். ரகசியத்தை ஊகித்துச் சொல்ல எஸ்.இ.ஓ. என்றொரு தொழில். அந்த ஜோசியர்களுக்கு மாதச் சம்பளம்.

விளைவை நாம் தினமும் அனுபவிக்கிறோம். ரசம் வைப்பது எப்படி என்று தேடினால் முதலில் மிளகின் வரலாறு வரும். பிறகு எழுதியவரின் பாட்டி வருவார். பிறகு, "ரசம் என்றால் என்ன?" என்ற கேள்வியும் அதற்குப் பதிலும். புளி எவ்வளவு என்று தெரிவதற்குள் அடுப்பு அணைந்துவிடும். இதை எழுதியவருக்குப் பைத்தியமில்லை. இப்படி எழுதினால்தான் மேலே வரும் என்று எவரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்.

2011-ல் கூகுளின் தரவரிசை விதிகளில் ஒரு மாற்றம் வந்தது. பெயர் பாண்டா. 2012-ல் பெங்குவின். 2013-ல் ஹம்மிங்பேர்ட். பெயர் வைத்தவர் வண்டலூர்ப் பக்கம் வளர்ந்தவரோ என்னவோ. குப்பைத் தளங்களை ஒழிக்கத்தான் என்றார்கள். சில குப்பை ஒழிந்தது, உண்மை. கூடவே நேற்றுவரை ஆயிரக்கணக்கில் வாசகர் வந்த தளங்கள் காலையில் எழுந்து பார்த்தால் காலி. என்ன குற்றம் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: "தரமான உள்ளடக்கம் கொடுங்கள்."

2015-ல் கைபேசிக்கு ஏற்றபடி மாற்று என்றார்கள். மாற்றினார்கள். 2016-ல் ஏ.எம்.பி. வந்தது. பக்கங்களைக் கூகுள் சொன்ன அச்சில் இன்னொரு முறை வார்க்க வேண்டும். இல்லையென்றால் கைபேசியில் முதன்மைச் செய்தி வரிசையில் இடம் கிடையாது. பத்திரிகைகள் ஆள் வைத்து, காசு கொட்டி வார்த்தன. 2021-ல் ஏ.எம்.பி. இனித் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். கொட்டிய காசா? அது தரமான உள்ளடக்கத்தில் சேராது.

தமிழில் எழுதுகிறவன் இதில் இன்னொரு படி கீழே. 2018 பிப்ரவரி வரை கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் ஏற்கும் மொழிகளின் பட்டியலிலேயே தமிழ் கிடையாது. அதற்குள் கூகுளின் தலைமைச் செயல் அலுவலராக மதுரையில் பிறந்து சென்னையில் படித்த ஒருவர் வந்து இரண்டரை ஆண்டு ஆகிவிட்டது. நாம் அட்டைப்படம் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

2022 ஆகஸ்டில் வந்த மாற்றத்துக்கு "உதவிகரமான உள்ளடக்கம்" என்று பெயர். மிருகங்களை விட்டுவிட்டு நீதிநூலுக்கு வந்துவிட்டார்கள் என்று அப்போதே பயந்திருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் அதன் அடுத்த பதிப்பு. தனி மனிதர்கள் கைக்காசில் நடத்திய பயணத் தளங்கள், சமையல் தளங்கள், பொருள்களைச் சோதித்து எழுதும் தளங்கள் வரிசையாகச் சாய்ந்தன. காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளைச் சொந்தக் காசில் வாங்கி, ஓட்டிப் பார்த்து எழுதும் தளம் ஹவுஸ்ஃபிரெஷ். கருவியைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெரிய பத்திரிகைகளின் பரிந்துரைப் பட்டியல்கள் தங்களுக்கு மேலே நிற்கின்றன என்று 2024 தொடக்கத்தில் அவர்கள் ஆதாரத்தோடு எழுதினார்கள். சில மாதங்களில், நாளொன்றுக்குக் கூகுள் அனுப்பிய வாசகர் 4,000-லிருந்து 200 ஆகிவிட்டதாகவும் எழுதினார்கள். உதவிகரமாக இருந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. யாருக்கு என்பதில்தான் தவறு நேர்ந்துவிட்டது.

அந்த அக்டோபரில் அடிபட்டவர்களில் சுமார் இருபது பேரைத் தலைமையகத்துக்கே அழைத்துப் பேசினார்கள். போய் வந்தவர்கள் எழுதியதைப் படித்தால், அரசு அலுவலகத்தில் கால் கடுக்க நின்ற எவருக்கும் புல்லரிக்கும். உங்கள் தளத்தில் குறையில்லை. எங்களிடம்தான் சிக்கல். எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது. பழைய நிலைமை திரும்பும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். வந்ததற்கு நன்றி.

இதெல்லாம் வாசகனை எந்த வாசலுக்கு அனுப்புவது என்ற சண்டை. 2024 மே மாதம் அமெரிக்காவில், எந்த வாசலுக்குமே அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு எல்லாத் தளங்களையும் மேய்ந்து, விடையைத் தானே சுருக்கமாகத் திரட்டி, உச்சியில் வைக்கும். அந்த மாதமே பீட்சாவில் பாலாடைக்கட்டி ஒட்டாவிட்டால் கொஞ்சம் பசை சேர்க்கச் சொன்னது. ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் எவரோ பல ஆண்டுகளுக்கு முன் அடித்த ஜோக் அது. தினம் ஒரு சிறு கல்லாவது தின்னுங்கள் என்றும் சொன்னது. அதன் மூலம் தி ஆனியன் என்ற அமெரிக்க நையாண்டி ஏடு. ரெட்டிட்டின் பேச்சைப் பயன்படுத்தக் கூகுள் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் தருவதாக அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டிருந்தது. பசை ஜோக்குக்கு விலை உண்டு. கருவி வாங்கிச் சோதித்தவனுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு சுட்டி.

அந்தச் சுட்டியை யார் தொடுகிறார்கள்? பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் அமெரிக்கர்களின் தேடல்களைக் கணக்கெடுத்தது. சுருக்கம் இல்லாத பக்கத்தில் 15 விழுக்காடு முறை ஏதேனும் ஒரு தளத்தைச் சொடுக்கினார்கள். சுருக்கம் இருந்தால் 8. சுருக்கத்துக்குள் இருக்கும் சுட்டியைச் சொடுக்கியது ஏறத்தாழ 1.

என் எழுத்தைச் சுருக்காதே என்று சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம். 2023-ல் அதற்கென்று ஒரு பூட்டு கொடுத்தார்கள். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதை அது தடுக்கும். தேடல் சுருக்கத்துக்குச் செல்லாது. சுருக்கம் வேண்டாமென்றால் தேடல் முடிவில் உங்கள் பெயருக்குக் கீழே வரும் இரண்டு வரியையும் இழக்க வேண்டும். இல்லையென்றால் தேடலைவிட்டே போகலாம். சுதந்திரம் பூரணமாக இருக்கிறது.

விளம்பரக் காசில் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998-லேயே ஓர் ஆய்வுக் கட்டுரை எச்சரித்தது. எழுதிய இருவர் செர்கே பிரின், லாரி பேஜ். கூகுளை நிறுவியவர்கள். 2024-ல் தேடல் விளம்பரத்தில் மட்டும் அவர்கள் நிறுவனத்துக்கு வந்தது சுமார் 19,800 கோடி டாலர். தங்கள் கட்டுரையை இப்படி நிரூபித்துக் காட்டிய ஆய்வாளர்கள் வேறு யாருமில்லை.

வாசகர் குறைந்துவிட்டார்களே என்றால் நிறுவனம் மறுக்கிறது. 2025 ஆகஸ்டில், சொடுக்குகள் மொத்தத்தில் பெரிதாகக் குறையவில்லை, முன்னைவிடத் தரம் கூடியிருக்கிறது என்று அறிக்கை விட்டது. செப்டம்பரில் அதே நிறுவனம், தன் விளம்பரத் தொழில் பற்றிய வழக்கில், வர்ஜீனியா நீதிமன்றத்தில் மனு போட்டது. விளம்பரத் தொழிலை உடைக்காதீர்கள், திறந்த இணையம் ஏற்கெனவே வேகமாகச் சரிந்துகொண்டிருக்கிறது, உடைத்தால் தளக்காரர்களுக்குத்தான் கெடுதல் என்றது. பத்திரிகைகள் கேட்டதும், நாங்கள் சொன்னது தளங்களில் வரும் காட்சி விளம்பரத்தை மட்டும் என்று திருத்திக்கொண்டது. ஊருக்கு ஒரு வாய், நீதிமன்றத்துக்கு ஒரு வாய், திருத்தத்துக்கு மூன்றாவது வாய்.

அதே செப்டம்பரில் வாஷிங்டனில் இன்னொரு வழக்கில் உத்தரவு வந்தது. கைபேசியிலும் உலாவியிலும் தன்னையே முதலில் நிறுத்த 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருந்தது கூகுள். தேடலில் அது சட்டவிரோத ஏகபோகம் நடத்தியது என்று நீதிபதி அமித் மேத்தா முந்தைய ஆண்டே தீர்ப்பளித்திருந்தார். இப்போது தண்டனை. குரோமை விற்க வேண்டாம். முதலிடத்துக்குப் பணம் கொடுப்பதையும் தொடரலாம், ஆனால் பிறரை அடியோடு விலக்கும் ஒப்பந்தம் போடக் கூடாது. தேடல் தரவில் கொஞ்சத்தைப் போட்டியாளர்களுடன் பகிர வேண்டும். மறுநாள் அதன் பங்கு விலை 9 விழுக்காடு ஏறியது. குற்றவாளி என்று தீர்ப்பானவருக்கு நீதிமன்ற வாசலில் பட்டாசு வெடித்து ஆளுயர மாலை போடுவது நம் ஊரில் மட்டும் நடக்கிற கூத்து என்று இனி யாரும் கேலி பேச முடியாது.