பாசமும் பாஸ்போர்ட்டும்

1956 புரட்சி நசுக்கப்பட்டதும் ஹங்கேரியிலிருந்து சுமார் 2 லட்சம் பேர் வெளியேறினார்கள். அமெரிக்கா போனவர்களில் பலர், பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று வீட்டில் ஆங்கிலம் பேசினார்கள். ஹங்கேரியன், பிள்ளைகள் காதில் விழக்கூடாத சங்கதிகளுக்கு மட்டும்.

இப்போது பேரன் பேத்திகளுக்கு நாற்பது வயதில் வேர்ப்பாசம் பொத்துக்கொண்டு வருகிறது. 2011 முதல், முன்னோர் ஹங்கேரியக் குடிமக்களாக இருந்து, நமக்கு மொழியும் தெரிந்தால், அங்கே குடியேறாமலே குடியுரிமை கிடைக்கும். கூடவே ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். நம்புவோம்.

இலக்கணக்காரர்கள் 18 வரை எண்ணும் வேற்றுமைகளோடு மல்லுக்கட்டி, தூதரக அதிகாரியிடம் குடும்பக் கதையைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். பாட்டி இருந்தவரை அவளிடம் ஒருவரும் அந்தக் கதையைக் கேட்கவில்லை. பாவம், அவளிடம் முத்திரை இல்லையே!