தாளாளரின் தனி அருவி

குற்றாலத்தில் சீசன் தொடங்க மலை மனது வைக்க வேண்டும். தென்மேற்குக் காற்று கணவாயைத் தாண்டி, சாரலைத் தூவி, பேரருவியில் தண்ணீர் இறங்க ஜூன் மாதம் ஆகிவிடும். தென்காசியில் இன்னொரு சீசன் இருக்கிறது. அதற்கு ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் மனது வைத்தால் போதும்; பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே களைகட்டிவிடும். காசி விசுவநாதர் கோயில் கோபுரம் ஒன்றைத் தவிர, ஊரில் உயரமாக நிற்கிற எல்லாவற்றிலும் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ தொங்கும். கோபுரத்தில் இடம் கேட்கவில்லையா, கேட்டும் கிடைக்கவில்லையா, தெரியவில்லை.

தனியார் அருவி என்றால் என்னவென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து எல்லாருக்கும் பொதுவாக வருகிற ஓடையை மேலேயே மறித்து, விடுதிக்குள் திருப்பி, பாறை மாதிரி சிமென்ட்டைப் பூசி, அதன்மேல் வழியவிட்டுக் காசு பார்த்தார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. 2022-இன் கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்தச் செயற்கை அருவிகள்மேல் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. ஓடையை மறித்த விடுதிக்காரர்களுக்குக்கூட ஒரு நாகரிகம் இருந்தது: அவர்கள் பேரருவியைத் திட்டி நோட்டீஸ் அடிக்கவில்லை. பள்ளிக்கூடத் தாளாளர்களுக்கு அந்தக் கூச்சமும் கிடையாது.

போன கோடையில் எங்கள் தெருவுக்கு ஒரு வேன் வந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம்; எல்லா வேனும் மஞ்சள்தான். இறங்கியவர்கள் இரண்டு இளம்பெண்கள், கையில் வழவழப்பான நோட்டீஸ் கட்டு. எதிர்வீட்டுத் திண்ணையில் மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் போனார்கள்.

“அக்கா, பாப்பாவ எங்க சேக்கப் போறீங்க?”

“நம்ம பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துலதாம்மா.”

“அங்கயா? அங்க சோறுதானக்கா போடுதாங்க, படிப்பா சொல்லித் தாராங்க? வாத்தியாருங்க லட்ச ரூவா சம்பளம் வாங்கிட்டு செல்போன்ல படம் பாக்காங்க. அவங்க பிள்ளைங்களே எங்க ஸ்கூல்லதான் படிக்கி.”

அக்கா சுற்றிய பீடிக்கு நூலைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “நீ எங்கம்மா படிச்ச?”

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கியது. “கவர்மெண்ட் ஸ்கூல்தாங்க்கா.”

பிறகு ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தது. பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது: பி.எட். முடித்திருக்கிறது, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியிருக்கிறது. ஆளுக்குப் பத்துப் பிள்ளை பிடித்துக் கொடுத்தால்தான் மே மாதச் சம்பளமாம். எந்த நாற்காலியைப் பார்த்துக் காறித் துப்பச் சொல்லி அனுப்பினார்களோ, அந்த நாற்காலிக்காகத்தான் அது ராத்திரி கண்விழித்துப் படித்துக்கொண்டிருக்கிறது. இதில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. 2013-இல் தகுதித் தேர்வில் தேறி வேலைக்குக் காத்துக்கிடந்தவர்களிடம், 2018-இல் அரசாணை 149-ஐ நீட்டி, இன்னொரு போட்டித் தேர்வும் எழுதுங்கள் என்றது. ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் விட்டால் தாளாளருக்கு இரட்டை லாபம். அடிமாட்டுக் கூலிக்கு பி.எட். படித்த ஆள் கிடைக்கும். ‘அங்க வாத்தியாரே இல்ல’ என்று ஊர் ஊராகச் சொல்ல அதே ஆளையே அனுப்பவும் முடியும்.

சரி, ஓடையை எங்கே மறிக்கிறார்கள்? ஒன்பதாம் வகுப்பில்.

நெல்லைச் சீமையில் பள்ளிக்கூடத்தோடு கொஞ்சம் பழக்கம் உள்ள எந்தச் சார்வாளிடம் கேட்டாலும் சொல்வார். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்ததும் சில பெற்றோர்களைத் தனியே கூப்பிடுவார்கள். குளிர்சாதன அறை, மேசைமேல் சரஸ்வதி படம், தாளாளர் முகத்தில் துக்க வீட்டுக்கு வந்தவரின் வருத்தம். “பையன் கொஞ்சம் ஸ்லோ. பத்தாம் வகுப்பு நம்மகிட்ட தாங்கமாட்டான். டி.சி. வாங்கிக்கிடுங்க.” எல்கேஜியிலிருந்து பதினோரு வருடம் அந்தப் பையனிடம் பீஸ் வாங்கியபோது அவன் ஸ்லோ இல்லை; பீஸ் கட்டுவதில் அவன் அப்பன்தான் கொஞ்சம் ஸ்லோ. அந்தப் பையன் ஜூன் மாதம் அரசுப் பள்ளிக்கு வருகிறான். அரசுப் பள்ளிக்குக் கதவு உண்டு, வாயிற்காவல் கிடையாது. யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருடத்தில் நடக்காததைப் பத்தே மாதத்தில் நடத்தப் பார்க்கிறார் அங்கே ஒரு கணக்கு வாத்தியார். பையன் தேறினால் யாரும் பேசுவதில்லை. தவறினால் அடுத்த சீசன் நோட்டீசில் அவன் ஒரு புள்ளிவிவரம்: ‘அரசுப் பள்ளியில் தேர்ச்சி குறைவு, எங்களிடம் 100 சதவீதம்.’ தவறுகிறவனை வெளியே தள்ளிவிட்டுத் தேர்ச்சி எண்ணினால் நூறு வராமல் வேறு என்ன வரும்? இந்தக் கணக்கு ஒன்றாவது கற்பித்தார்களே என்று மகிழலாம்.

மேல்நிலை வகுப்பில் வேறு வித்தை. பிளஸ் ஒன் பாடத்தை அப்படியே விழுங்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நெட்டுருப் போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. (2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது, விழுங்கத் தெரிந்த வாய்கள் மறுபடி திறந்திருக்கின்றன.) நெட்டுருத் தொழிலின் தலைநகரான நாமக்கல்லில் 2019 அக்டோபரில் வருமான வரித் துறையினர் ஒரு நிறுவனத்தைச் சோதித்தபோது கணக்கில் வராத ரொக்கம் சுமார் 30 கோடி ரூபாய் அகப்பட்டது. பெரும்பகுதி இருந்த இடம், பள்ளி வளாகத்துக் கலையரங்கத்து லாக்கர்கள். வாத்தியார் லட்ச ரூபாய் சம்பளம் வாங்குகிறார் என்று கூவுகிறார்களே, அந்தச் சம்பளத்துக்கு ரசீது இருக்கிறது, பிடித்தம் இருக்கிறது, வருமான வரி இருக்கிறது. அது கலையரங்கத்தில் தூங்குவதில்லை.

காசும் பொது ஓடையிலிருந்துதான் போகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி தனியார் பள்ளிகள் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு தரும். பெற்றோரிடம் அது ‘எங்கள் சேவை’. கோட்டையில் அது ‘எங்கள் பாக்கி’. 2025-இல் ஒன்றிய அரசு பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்தி வைத்தபோது இந்தச் சேர்க்கையும் மாதக்கணக்கில் நின்றது. மேலே ஓடை வற்றியதும் கீழே சேவை வற்றிவிட்டது. அதே ஆண்டிலும் வேன் மட்டும் எங்கள் தெருவுக்கு வரத் தவறவில்லை.

அமெரிக்காவில் இதற்கு சார்ட்டர் பள்ளி என்று பெயர்: அரசுப் பணம், தனியார் நிர்வாகம். வேடிக்கை என்னவென்றால், 1988-இல் அந்த யோசனையைப் பிரபலப்படுத்தியவர் ஆல்பர்ட் ஷாங்கர், ஆசிரியர் சங்கத் தலைவர். ஆசிரியர்களே புது முறைகளைச் செய்து பார்க்கச் சில பள்ளிகள் வேண்டும் என்றார் மனிதர். 1991-இல் மின்னசோட்டா சட்டம் போட்டது. வியாபாரிகள் நுழைவதைக் கண்டு சில வருடங்களில் ஷாங்கரே எதிர்த்தார். பஸ்மாசுரன் கையைத் தூக்கிய பிறகு சிவன் ஓடிய கதை.

நம் ஊரில் கை தூக்கப்பட்ட தேதியும் தெரியும். 2024 டிசம்பர் கடைசியில் சென்னையில் தனியார் பள்ளிச் சங்கத்தினர் ஒரு விழாவில் கூடினார்கள். 500 அரசுப் பள்ளிகளைத் தத்தெடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும், அப்போது பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த அன்பில் மகேஷ் பொய்யாமொழி, தத்தும் இல்லை தாரைவார்ப்பும் இல்லை, உதவிதான் என்று விளக்கினார். இருக்கட்டும். தத்து என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்பன் ஆத்தாள் இல்லாத பிள்ளையைத்தான் தத்தெடுப்பார்கள். அரசுப் பள்ளி அநாதை என்று முதலில் ஊரை நம்பவைக்க வேண்டும். அந்த வேலையைத்தான் நோட்டீசும் வாட்ஸப்பும் வருடக்கணக்கில் செய்துவந்தன. திண்ணையில் திட்டு, மேடையில் தத்து.

அடுத்து, அரசு வாத்தியார்களின் வேலைநிறுத்தத்தைப் பார்ப்போம். 2019 ஜனவரி 22 முதல் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ போராடியது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்பது முக்கியக் குறை. ‘பிள்ளைகளின் எதிர்காலம் என்ன ஆவது’ என்று அலறாத தொலைக்காட்சி இல்லை. கைது நடந்தது, சஸ்பெண்ட் நடந்தது, மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர் எடுப்போம் என்று அரசு அறிவித்தது. மூன்று வருடம் கழித்து, 2022 ஜூலையில், கள்ளக்குறிச்சி பக்கம் கனியாமூரில் ஒரு மாணவியின் சாவையொட்டி அவர் படித்த தனியார் பள்ளி தாக்கப்பட்டது. மறுநாள் 18-ஆம் தேதி, அனுமதி வாங்காமல் 987 தனியார் பள்ளிகள் கதவைச் சாத்தின. என்ன நடந்தது? விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. முதலாளி பூட்டினால் விளக்கம். வாத்தியார் உட்கார்ந்தால் சிறை. பிள்ளைகளின் எதிர்காலம் அன்றைக்கு விடுமுறையில் இருந்தது போலும்.

சோறு போடுகிறார்கள் என்ற கேலிக்கு வருகிறேன். அதில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. வந்த வாரத்திலேயே ஒரு தமிழ் நாளிதழ், பிள்ளைகள் இரண்டு வேளை சாப்பிடுவதால் பள்ளிக் கழிப்பறை நிரம்புகிறது என்று தலைப்புப் போட்டது. விடிகாலையில் பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிற தாய்க்கு, பிள்ளை பள்ளியில் சூடாக உப்புமா தின்னும் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்தத் தலைப்பை எழுதிய கைக்குத் தெரியாது. அந்தக் கைக்குக் காலையில் பசித்ததே இல்லை.

வாத்தியார்மாரே, சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் மிச்சம் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் பிள்ளை அதே மஞ்சள் வேனில் போகிறது? நோட்டீசில் இருக்கிற பொய்களுக்கு நடுவே அந்த ஒரு வரி மட்டும் மெய்யாக இருப்பதால்தான் மற்றவையும் விலை போகின்றன. வட்டிக்குக் கொடுப்பவர், மனை விற்பவர், வருகைப் பதிவேட்டில் மட்டும் வருகிறவர் என்று ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஓரிருவர் உண்டு. அவர்களைச் சங்கம் காப்பாற்றுகிறது. ஆனால் மற்றவர்களைப் பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் காலையில் வருகை, மதியம் சோறு, சாயங்காலம் செருப்பு அளவு பதிய வேண்டும். அதற்குத்தான் செல்போன், படம் பார்க்க இல்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களிலும் ஆசிரியர்கள் உண்டு. தாளாளர் வீட்டுப் படியும் அதில் ஒன்றாக இருந்திருக்கும்.

ஃபிளெக்ஸில் விஞ்ஞானிகள் படம் போடுவது இப்போது மோஸ்தர். தாராளமாகப் போடட்டும். சூரியனைப் பார்க்க 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, தென்காசியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரத் தூரத்தில் இருக்கிற செங்கோட்டைக்காரர். அங்கே அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்தவர். அவர் படத்துக்குக் கீழே அவர் படித்த பள்ளியின் பெயரையும் அச்சடிக்கத் தாளாளருக்குத் தைரியம் உண்டா? ஃபிளெக்ஸ் செலவை நான் தருகிறேன்.

கட்டடம் இடிகிறது என்பார்கள். சில அரசுப் பள்ளிகளில் ஓடு ஒழுகுவதும் சுவர் வெடித்திருப்பதும் உண்மை. அதற்கு அரசைத்தான் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகியது தனியார் நடத்திய பள்ளியில். கீற்றுக் கூரையின் கீழே, ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகளை அடைத்து வைத்திருந்தார்கள். இதை எழுதும்போது எனக்கு நையாண்டி வரவில்லை.

அடுத்த சீசனில் வேன் உங்கள் தெருவுக்கும் வரும். அந்தப் பிள்ளைகள்மேல் கோபப்படாதீர்கள். வெயிலில் வந்திருப்பார்கள், திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுங்கள். நோட்டீசையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கத்தில் மூன்று கேள்வி எழுதித் தாளாளரிடமே கொடுத்தனுப்புங்கள். போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உங்கள் பள்ளியின் பெயரில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? அரசுக் கட்டணக் குழு உங்களுக்கு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு, நீங்கள் வாங்குவது எவ்வளவு? இந்த நோட்டீசைக் கொண்டுவந்த டீச்சருக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள்?

பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள். குற்றாலத்தில்தான் இருப்பேன்; பேரருவியில், கூட்டத்தோடு.